எந்த ஆன்டிபயாடிக், எப்போது, எதற்கு? ஆபா எண்ணை வைத்துக் குறிப்பு வைத்துக்கொள்ளும் முறை

"இதற்கு முன் ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் நம்மில் பலரிடமிருந்து வரும் பதில், "ஏதோ பெரிய வெள்ளை மாத்திரை டாக்டர், ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள்" என்பதுதான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவர் பேச்சுக்காகக் கேட்கவில்லை. கடந்த மூன்று மாதங்களில் நீங்கள் எந்த ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள், மருத்துவமனையில் தங்கினீர்களா என்பதைப் பொறுத்து, இப்போது உடம்பில் இருக்கும் கிருமி எந்த மருந்துக்கு மடியாது என்று அவர் ஓரளவு கணிக்க முடியும். பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மருந்தை இன்றே தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் அவருக்குத் துணை உங்கள் பழைய விவரங்கள்தாம்.

அந்த விவரங்கள் எங்கே இருக்கின்றன? ஒரு சீட்டு தெருமுனை மருத்துவரிடம், ஒரு பில் மருந்துக்கடையில், ஒரு ரிப்போர்ட் ஆய்வகத்தின் கணினியில், இன்னொன்று அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டில். ஒவ்வோர் இடத்திலும் உங்களுக்கு வேறு வேறு எண். சில இடங்களில் பெயரே வேறு. இவற்றை ஒரே ஆளுடையவை என்று சேர்க்க இந்தியாவில் இப்போது இருக்கும் கருவி ஆபா என்னும் சுகாதாரக் கணக்கு எண். அதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, குறிப்பாக ஆன்டிபயாடிக் விவரங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. மருந்துச்சீட்டைவிட முக்கியமான காகிதம் ஒன்று இருக்கிறது. பலரும் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். அது ஐந்தாம் படியில் வருகிறது. அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஆபா காப்பீட்டு அட்டை அல்ல. ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரிலும் 'ஆயுஷ்மான் பாரத்' இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று பலரும் நினைக்கிறார்கள். ஆபா எண்ணைக் காட்டினால் கட்டணம் குறையாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் தரப்படும் 14 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். இலவசம். கட்டாயமும் இல்லை, வேண்டாம் என்றால் கணக்கை முடக்கலாம், அழிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஆவணங்கள் எல்லாம் டெல்லியில் ஏதோ ஒரே கணினியில் போய்ச் சேர்வதில்லை. மருத்துவமனையில் உருவான ஆவணம் அந்த மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். அது யாருடையது என்ற முடிச்சை மட்டும் எண் போட்டு வைக்கிறது. வேறொரு மருத்துவர் பார்க்க வேண்டுமானால் உங்கள் செயலிக்குக் கேட்பு வரும். நீங்கள் சம்மதித்தால்தான் ஆவணம் அங்கிருந்து இங்கே வரும். யாரும் எதையும் பதிவேற்றாவிட்டால் இந்த எண்ணுக்குப் பின்னால் வெறுமைதான். இதைச் சொல்லாமல் 'ஆபா எடுத்தால் எல்லாம் தானாக நடக்கும்' என்று சொல்லும் விளம்பரங்கள் எனக்கு உவப்பானவை அல்ல.

படி 1: எண்ணை எடுப்பது, பெயரைச் சரிசெய்வது

தேசிய சுகாதார ஆணையத்தின் ஆபா இணையதளத்திலோ ஆபா செயலியிலோ ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். அதை இட்டால் எண் கிடைத்துவிடும். வயதான பெற்றோருக்கு எடுக்கும்போதுதான் சிக்கல்: ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்துபோன சிம்மின் எண்ணாக இருக்கும். முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் கைபேசி எண்ணைக் கொடுத்து வேலையை முடிக்காதீர்கள். இனி வரும் ஓடிபி எல்லாம் அவருக்கே போகும்.

14 இலக்க எண்ணோடு, மின்னஞ்சல் முகவரி போலத் தோற்றமளிக்கும் 'ஆபா முகவரி' ஒன்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆவணங்களைக் கேட்பதும் பகிர்வதும் இந்த முகவரி வழியாகத்தான். இதில் பிறந்த ஆண்டையும் கைபேசி எண்ணையும் நுழைக்காமல் இருப்பது நல்லது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஆபா பெயரை ஆதாரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆதாரில் 'முருகன் எஸ்', மருத்துவமனையில் 'எஸ். முருகன்', ஆய்வகத்தில் அப்பா பெயரைச் சேர்த்து 'முருகன் சுப்பையா', காப்பீட்டில் முன்னெழுத்தே இல்லாத வெறும் 'முருகன்' என்று ஒரே ஆள் நான்கு பேராக உலவுவார். லட்சுமி, ராமசாமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதங்களோ கணக்கில் அடங்கா. கணினிக்கு இவர்கள் எல்லாம் தனித்தனி ஆட்கள். எனவே இனி எங்கே பதிவு செய்தாலும் ஆதாரில் உள்ள எழுத்துகளையே, அதே வரிசையில், முன்னெழுத்தை அதே இடத்தில் வைத்துச் சொல்லுங்கள். பதிவு மேசையில் இருப்பவர் தமக்குப் பழகிய எழுத்துகளில் தட்டிவிடுவார். திரையை ஒருமுறை எட்டிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 2: மருத்துவமனையில் இணைப்பது

இயக்கத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பதிவு மேசைக்கு அருகே க்யூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். ஆபா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் உங்கள் பெயர், வயது, முகவரி அங்கே போய், ஓ.பி. டோக்கன் கைக்கு வரும். வரிசை குறைவது ஒரு லாபம். நமக்குப் பெரிய லாபம், பெயர் பிழையின்றிப் பதிவாவதும் அன்றைய வருகை ஆபா எண்ணோடு சேர்வதும். பழைய வருகைகளையும் இணைக்கலாம். செயலியில் மருத்துவமனையின் பெயரைத் தேடினால், உங்கள் கைபேசி எண்ணை வைத்து அவர்களிடம் உள்ள பதிவுகளைக் காட்டும்; ஓடிபி கொடுத்து உறுதிசெய்ய வேண்டும். அங்கே முன்பு மனைவியின் எண்ணையோ மகனின் எண்ணையோ கொடுத்திருந்தால் பதிவு தட்டுப்படாது. அப்போது நேரில் போய்த் திருத்துவதுதான் வழி.

தெருமுனை கிளினிக்குகள் பலவற்றில் இதெல்லாம் இல்லை. அங்கே வாங்கிய சீட்டை நீங்களே படமெடுத்துச் சேமியுங்கள். டிஜிலாக்கர் போன்ற, ஆபாவோடு இணைக்கக்கூடிய சேமிப்புச் செயலிகளில் அதற்கு இடம் இருக்கிறது. படத்தின் பெயரைத் தேதியிலிருந்து தொடங்குங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். பிறகு தேடும்போது இதன் அருமை தெரியும்.

படி 3: கையில் இருப்பது ஆன்டிபயாடிக்தானா என்று தெரிந்துகொள்வது

நான்கு நிற மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும்போது எது ஆன்டிபயாடிக் என்று பலருக்கும் தெரிவதில்லை. முதல் அடையாளம், மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்காக 2016-இல் மத்திய அரசு அதைப் பிரபலப்படுத்தியது. ஆன்டிபயாடிக் அல்லாத சில மருந்துகளிலும் கோடு இருக்கும் என்பதால், அதோடு பெயரையும் பாருங்கள். சிலின் என்று முடிபவை (அமாக்சிசிலின்), செஃப் என்று தொடங்குபவை (செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன்), ஃப்ளாக்சசின் என்று முடிபவை (சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின்), த்ரோமைசின் (அசித்ரோமைசின்), சைக்ளின் (டாக்சிசைக்ளின்), பெனம் (மெரோபெனம்) என்று முடிபவை எல்லாம் ஆன்டிபயாடிக்குகள்.

கடைப்பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. போன மாதம் சாப்பிட்டது ஒன்று, இந்த மாதம் வேறு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உள்ளே இருந்தது ஒரே அசித்ரோமைசினாக இருக்கும். அட்டையில் கடைப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்தான் நமக்கு வேண்டியது. சிலவற்றில் இரண்டு பெயர்கள் இருக்கும். வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை ஓர் உதாரணம். இப்படிப்பட்ட கூட்டு மருந்துகளை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை. இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெட்டும்போது பெயர் இருக்கும் பகுதி கடைக்காரரின் கையிலேயே தங்கிவிடும். பெயருள்ள துண்டைக் கேளுங்கள், இல்லையென்றால் முழு அட்டையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், பில்லும் வாங்குங்கள். முன்னணி 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் 2023 ஆகஸ்ட் முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் மூலப்பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் வரும்.

எல்லோரும் மறப்பது ஊசியை. கிளினிக்கில் போட்டுக்கொண்ட ஊசிக்குச் சீட்டும் இருக்காது, பில்லும் இருக்காது. செஃப்ட்ரியாக்சோன், அமிக்காசின் போன்ற வலுவான மருந்துகள் பெரும்பாலும் ஊசி வழியாகத்தான் வருகின்றன. "என்ன ஊசி டாக்டர்? சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சிறு விலகல்: கடையின் பதிவேடு

உங்கள் ஆன்டிபயாடிக் விவரத்தை எழுதிவைக்கச் சட்டப்படிக் கடமைப்பட்ட ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்: மருந்துக்கடைக்காரர். 2010-இல் கார்பபெனம் (மெரோபெனம் போன்ற) வகை மருந்துகளையே சிதைத்துவிடும், கிருமிகளிடம் காணப்படும் என்டிஎம்-1 என்னும் நொதி பற்றிய ஆய்வு வெளியாகிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அதில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டுப்படுத்தினால் மருத்துவரே இல்லாத ஊர்களில் மக்கள் தவித்துப்போவார்கள், வலுவான மருந்துகளிலிருந்து தொடங்கலாம் என்பது அங்கே எழுந்த நடைமுறை வாதம். 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மருந்து விற்பனைக்கான விதிகளின் ஹெச்1 அட்டவணை அந்த வழியில்தான் அமைந்தது. அதில் 46 மருந்துகள். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் (செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை), கார்பபெனம்கள், காசநோய் மருந்துகள் அவற்றில் அடக்கம். இவற்றை விற்றால் எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நல்ல விதி. ஆனால் அந்தப் பதிவேட்டில் நோயாளி என்பவர் ஒரு பெயர் மட்டுமே, எண் அல்ல. மதுரையில் ஒரு கடையில் வாங்கிய முருகனும் திருமங்கலத்தில் இன்னொரு கடையில் வாங்கிய முருகனும் ஒருவரா என்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. ஸ்வீடனில் 2005 ஜூலை முதல், மருந்துக்கடையில் சீட்டுக்குத் தரப்படும் ஒவ்வொரு மருந்தும் குடிமகனின் தனி எண்ணோடு தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. ஒருவருக்கு ஓராண்டில் எத்தனை முறை ஆன்டிபயாடிக் போயிற்று என்று அங்கே கேட்டால் பதில் உண்டு. இங்கே கடையின் நோட்டு உங்கள் ஆபா கணக்கில் தானாக வந்து சேராது. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

படி 4: என்ன எழுதுவது

படமெடுத்த சீட்டு மட்டும் போதாது. சீட்டு, எழுதிக் கொடுத்ததைச் சொல்லும். நீங்கள் சாப்பிட்டதைச் சொல்லாது. ஏழு நாளுக்கு எழுதியதை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு வரிக் குறிப்பு எழுதிச் சீட்டின் படத்தோடு வையுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"2025 மார்ச் 4 முதல் 8 வரை. நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி., காலை, இரவு. சிறுநீர்த் தொற்று என்றார்கள். மருந்துக்கு முன் கல்ச்சர் கொடுத்தாயிற்று. ஐந்து நாளும் முடித்தேன். மூன்றாம் நாளே எரிச்சல் நின்றது. தடிப்பு, அரிப்பு இல்லை."

(கல்ச்சர் என்றால் என்ன என்பது அடுத்த படியில் வருகிறது.) இதில் பலரும் விட்டுவிடுவது காரணம். எதற்காக இந்த மருந்து என்பது சீட்டிலேயே இருப்பதில்லை. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் மருத்துவர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் தவறாமல் குறிக்கும்படி கேட்டுக்கொண்டது. எனவே "எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்" என்று நீங்கள் கேட்பது புதுவழக்கம் அல்ல. மறுக்கும் மருத்துவர்களும் இருப்பார்கள். அப்போது அவர் வாயால் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை வந்திருந்தால் அதைத் தனியாக, பெரிதாக எழுதுங்கள். 'பெனிசிலின் அலர்ஜி' என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், மருந்து உள்ளே போய் எவ்வளவு நேரத்தில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தடிப்பா, மூச்சுத்திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா? வயிற்றுப்போக்கை ஒவ்வாமை என்று எழுதிவைத்து, நல்ல எளிய மருந்து ஒன்றை வாழ்நாள் முழுவதும் இழப்பவர்கள் உண்டு.

விருப்பமுள்ளவர்கள் உலக சுகாதார அமைப்பு 2017-இல் வகுத்த மூன்று வகைகளையும் குறித்துக்கொள்ளலாம். முதல் வகை, சாதாரணத் தொற்றுகளுக்கு முதலில் எட்ட வேண்டியவை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், செஃபலெக்சின், நைட்ரோஃபுரான்டாயின். இரண்டாம் வகை, எதிர்ப்பு (கிருமி மருந்துக்கு மடியாத நிலை) எளிதில் வளரும் என்பதால் கவனமாகக் கொடுக்க வேண்டியவை: அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன். மூன்றாவது, வேறு எதுவும் கேட்காதபோது எடுக்க வேண்டிய கடைசிக் கையிருப்பு: கொலிஸ்டின், லைனசோலிட். உலகம் முழுவதும் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் குறைந்தது 70 விழுக்காடு முதல் வகையாக இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்டன. உங்கள் வீட்டுக் குறிப்பில் இரண்டாம் வகை மட்டுமே நிறைந்திருந்தால், சளிக்கும் இருமலுக்கும் அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரியவரும்.

படி 5: கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காப்பாற்றுவது

இதுதான் அந்தக் காகிதம். சிறுநீர், ரத்தம், சளி, சீழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஆய்வகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்து, எந்தெந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்ப்பது கல்ச்சர் பரிசோதனை. மருந்துச்சீட்டு, மருத்துவர் ஊகித்ததைச் சொல்கிறது. கல்ச்சர் ரிப்போர்ட், கிருமி என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. உடம்பு சரியானதும் இந்த ரிப்போர்ட்டுக்கு வேலை முடிந்தது என்று நினைத்துப் போட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே தொற்று மீண்டும் வரும்போது, புது முடிவு வரும்வரை மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தகவல் அந்தப் பழைய ரிப்போர்ட்தான். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருபவர்கள், சர்க்கரை நோயில் கால் புண் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது மிகவும் பொருந்தும்.

மாதிரியை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டு வேளை விழுங்கிவிட்டுக் கொடுத்தால், தொற்று இருக்கும்போதே 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு வரலாம். அப்படி நேர்ந்திருந்தால் ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே 'மருந்து தொடங்கிய பிறகு கொடுத்தது' என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்து படிப்பவர் தொற்றே இல்லை என்று எடுத்துக்கொள்வார். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். மாதிரி என்ன, எந்தத் தேதியில் எடுத்தது என்பது ஒன்று. கிருமியின் பெயர் அடுத்தது: ஈ. கோலை, கிளெப்சியெல்லா என்பதுபோல. மூன்றாவது, மருந்துகளின் பட்டியலும் எதிரே உள்ள எழுத்தும். எஸ் என்றால் வழக்கமான அளவிலேயே மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் எதிர்ப்பு இருக்கிறது, ஐ என்றால் இடைநிலை. அதிக அளவு கொடுத்தால் வேலை செய்யலாம், முடிவு மருத்துவருடையது. நான்காவது, கீழே குறிப்பாக எழுதியிருக்கும் வரி. 'ஈஎஸ்பிஎல்' (பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதி) என்றோ 'கார்பபெனம் எதிர்ப்பு' என்றோ அங்கே இருந்தால், இனி எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி அது.

எழுத்துக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கலாம். சிறிய எண் உள்ள மருந்துதான் சிறந்தது என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. பழைய ரிப்போர்ட்டில் எஸ் என்று இருந்த மருந்தை இப்போது நீங்களே கடையில் வாங்கிச் சாப்பிடுவது இன்னும் மோசம். கிருமி வேறாக இருக்கலாம், அதே கிருமி இதற்குள் மாறியும் இருக்கலாம். இந்தக் குறிப்புகள் எல்லாம் மருத்துவரின் கண்ணுக்காகத்தான்.

ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கும்போதே ஆபா எண்ணையும் சொல்லுங்கள். பதிவுப் படிவத்தில் அதற்கு இடமிருந்தால் இட்டுக்கொள்வார்கள், ரிப்போர்ட் நேராகக் கணக்கில் வரும். இல்லையென்றால் பிடிஎஃப் கோப்பாகக் கேட்டு வாங்கி, நீங்களே சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இதில் ஊருக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று ஆண்டுதோறும் அட்டவணை போடுவார்கள். அதில் ஒரு விதி: ஒரே நோயாளியிடம் ஒரே கிருமி பலமுறை கிடைத்தாலும், அந்தக் காலத்தில் முதலில் கிடைத்ததை மட்டுமே எண்ண வேண்டும். குணமாகாமல் திரும்பத் திரும்ப வருபவரிடம்தான் எதிர்ப்புள்ள கிருமி இருக்கும். அவரை ஐந்து முறை எண்ணினால் ஊரே எதிர்ப்பில் மூழ்கியதுபோலக் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர்கள் இன்னும் வலுவான மருந்துக்குத் தாவுவார்கள். 'முருகன் எஸ்', 'எஸ். முருகன்', 'முருகன் சுப்பையா' மூவரும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாவிட்டால் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது. முதல் படியில் எழுத்துக்கூட்டல் பற்றி அவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்தும் எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தது. அங்கே போய்ச் சேர்பவர்கள் வேறெங்கோ மருந்து சாப்பிட்டுக் கேட்காமல் வந்தவர்கள். தெருமுனை கிளினிக்கில் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரின் கிருமியைப் பற்றி அந்த எண்கள் அதிகம் சொல்வதில்லை.

படி 6: காட்டுவதும் நிறுத்துவதும்

புது மருத்துவர் உங்கள் ஆவணங்களைக் கேட்டால் செயலியில் ஒப்புதல் கேட்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்று தட்டாதீர்கள். யார் கேட்கிறார்கள், எதற்கு, எந்த வகை ஆவணங்கள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, ஒப்புதல் எப்போது முடியும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். காய்ச்சலுக்குப் பார்ப்பவருக்கு மருந்துச்சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை போதும். கடந்த ஓராண்டு போதும். காலாவதியும் சில நாள் இருந்தால் போதும். பத்து ஆண்டுக்கு முந்தைய மகப்பேறு விவரமோ மனநலச் சிகிச்சை விவரமோ அவருக்குத் தேவையில்லை. கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். ஆனால் அதற்குள் அவர்கள் எடுத்துக்கொண்ட தகவல் அங்கே இருக்கலாம் என்பதால், கொடுக்கும்போதே அளந்து கொடுப்பது நல்லது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளே இணையத் தாக்குதலில் முடங்கின. கணினியில் இருப்பது எதுவும் முழுப் பாதுகாப்பில் இல்லை.

மருத்துவர் கணினி பார்ப்பவராக இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கைபேசியில் கல்ச்சர் ரிப்போர்ட்டைத் திறந்து நீட்டுங்கள். முப்பது படங்களைத் தள்ளிக் காட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது. கடைசி கல்ச்சர், கடைசி மூன்று மாத ஆன்டிபயாடிக், ஒவ்வாமை. இந்த மூன்றை மட்டும் முதலில் காட்டுங்கள்.

காசநோய்க்கு வேறு கதவு

காசநோய் என்றால் ஆபாவை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே அடையாள எண் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. காசநோயாளிகளுக்காக அரசு 2012-இல் தொடங்கிய நிக்ஷய் இணையதளத்தில், அரசு மருத்துவமனையோ தனியாரோ, காசநோய் கண்டறியப்படும் ஒவ்வொருவரையும் பதிவு செய்து தனி எண் தர வேண்டும். ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் சில மணி நேரத்தில், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று சொல்லிவிடும். அந்த முடிவு, கொடுக்கும் மருந்துத் தொகுப்பு, சிகிச்சையின் முடிவு எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. ஊர் மாறினாலும் சிகிச்சையைப் புது ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். சத்துணவுக்கான மாத உதவித்தொகையும் இந்தப் பதிவின் அடிப்படையில்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பர் முதல் 1000 ஆயிற்று. தனியாரிடம் சிகிச்சை பெறுபவர்கள் "என் நிக்ஷய் எண் என்ன?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லை என்றால் உங்களைப் பதிவே செய்யவில்லை என்று பொருள்.

படி 7: ஒரு பக்கக் காகிதம்

எல்லாம் கைபேசியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவரால் ஓடிபி சொல்ல முடியாது, ஒப்புதலும் தர முடியாது. ரத்தத்தில் தொற்று பரவியவருக்கோ முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாடிக் போக வேண்டும். எனவே வீட்டில் உள்ள முதியவர்கள், நீண்டகால நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் அச்சிட்டு வையுங்கள். மேலே ஆதாரில் உள்ளபடி பெயர், ஆபா எண், கவனித்துக்கொள்பவரின் கைபேசி எண். அடுத்து ஒவ்வாமை, என்ன ஆயிற்று என்ற விவரத்தோடு. அதன்பின் கடைசி கல்ச்சரின் தேதி, கிருமி, எதிர்ப்பு உள்ள மருந்துகள். பிறகு கடந்த ஆறு மாத ஆன்டிபயாடிக்குகள், மூலப்பெயரில். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கடைசி கிரியாட்டினின் அளவையும் சேருங்கள். பல ஆன்டிபயாடிக்குகளின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அச்சிட்ட தேதி மூலையில் இருக்க வேண்டும். புது கல்ச்சரோ புது ஆன்டிபயாடிக்கோ வந்ததும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதை அச்சிட்டு, ஆதார் நகல் இருக்கும் அதே உறையில் வையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கையில் எடுக்கும் உறை அதுதான்.